சிவப்புக் குறி வைத்த வீடு

அலுவலகத்தில் சிரிப்புப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. முதல் தடவை நான் ஏற்பாடு செய்தபோது வந்தது இயக்குநரின் ஓட்டுநர் ஒருவர்தான். அவரும் கூடத்து மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதற்காக வந்தவர். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள், வந்தவரை லாபம் என்று எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வயிறு குலுங்கச் சிரிக்கச் சொன்னார். ஓட்டுநர் கார் சாவியைக் கையில் பிடித்தபடியே கொஞ்சம் சிரித்தார். பாதியில் இயக்குநர் கூப்பிடுகிறார் என்று சொல்லி நழுவிவிட்டார். மிச்ச நேரம் நான் தனியாகச் சிரித்தேன். நன்றாக வருகிறது, விடாதீர்கள் என்றார் அந்த அம்மாள்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். அதுதான் என் வேலை. துணையில்லாத முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளை வளர்க்கத் திணறுகிறவர்கள், இவர்கள் வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் துறை எங்களுடையது. ஊரைப் பார்த்துக்கொள்கிறவர்களை யார் பார்த்துக்கொள்வது? அதற்கு என்னைப் போட்டிருந்தார்கள். வாராவாரம் ஊழியர் செய்திமடல் போடுவேன். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் மாற்றலாகிப் போகிறார், எல்லாம் அதில் வரும். அவ்வப்போது நலவாழ்வு நிகழ்ச்சிகள் உண்டு. மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, மனம் திறந்து பேசும் வட்டம் என்று. மடலை எப்போதும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்குவேன். அதை வைத்து எனக்கு நலம் அக்கா என்று பேர் வைத்தார்கள். என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் அக்காதான். இத்தனை வருடத்தில் தன் நலத்தை எழுதி ஒருவரும் பதில் போட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். வருத்தம் இருந்தது.

நான் தனியாக இருப்பவள். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அம்மா இருந்தபோது வாங்கிய வானொலி. அண்ணன் வெளியூரில் இருக்கிறார். எல்லாருக்கும் சேர்த்து அனுப்புகிற வாழ்த்துப் படங்களை எனக்கும் அனுப்புவார். என்னிடம் யாரும் முறைத்துக்கொண்டதில்லை, சண்டை போட்டதில்லை. சண்டை போடவும் கொஞ்சம் நெருக்கம் வேண்டுமே.

பாதுகாப்புத் தொலைபேசி என் மேஜைக்கு வந்ததைப் பற்றிச் சொல்கிறேன். களப்பணியாளர் ஒரு வீட்டுக்குள் போகுமுன் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும், வெளியே வந்ததும் செய்ய வேண்டும். வெளியே வந்த தகவல் வராவிட்டால் மேற்பார்வையாளருக்குச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டும். நாள் முழுக்க மேஜையை விட்டு நகர முடியாத வேலை. ஒருவரும் ஏற்கவில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். “உள்ள போறேன்க்கா”, “வெளிய வந்துட்டேன்க்கா”, அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் ஒருவர் பத்திரமாக இருக்கிறேன் என்று என்னிடம் சொல்கிறார் அல்லவா? வீட்டில் அந்தப் பேச்சுகளை நினைத்துப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

ஒருநாள் எங்கள் ஊழியர் ஒருவரை ஒரு வீட்டு நாய் கடித்துவிட்டது. அதை மடலில் போட்டேன், கவனமாக இருங்கள் என்று இரண்டு வரி சேர்த்து. அந்த வாரம் என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். எந்த வீடு, எந்தத் தெரு, வேறு எங்கே நாய் இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னோடு தேநீர் குடித்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பிறந்தநாளுக்கு வராதவர்கள் பயத்துக்கு வருவார்கள்.

அதிலிருந்து மடலில் பாதுகாப்புப் பகுதி என்று ஒன்றைத் தொடங்கினேன். கணினியில் வீடுகளுக்குச் சிவப்புக் குறி வைக்கிற அதிகாரமும் என்னிடம் வந்தது. ஒரு வீட்டுக்குச் சிவப்பு விழுந்தால் ஊழியர் உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்று மணியடித்து, ஆள் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். மணியடிக்குமுன் எனக்குப் போன், காத்திருக்கும்போது போன், தெருமுனைக்கு வந்ததும் போன். என் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

குறி வைக்க ஒருவர் போதும். எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், களப்பணியாளர், மேற்பார்வையாளர், இயக்குநர். எடுத்த மறுநாள் ஏதாவது நடந்துவிட்டால் யார் தலை உருளும்? ஆகவே எடுக்க ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த விதியை நான் எழுதவில்லை. நான் வருவதற்கு முன்பே இருந்தது.

நான் எதையும் கற்பனையாக எழுதவில்லை. ஒரு வீட்டு மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, எழுதினேன். உதவித்தொகை நின்றுபோன ஒருவர் குரலை உயர்த்தினார், எழுதினேன். ஒரு இளம் தாயின் கணவன் கதவைப் படாரென்று சாத்தினான், அதையும் எழுதினேன். அந்த வீட்டுக் குழந்தையை அதன்பிறகு எங்கள் ஆட்கள் வாசலிலிருந்து எட்டித்தான் பார்த்தார்கள். தூக்கிப் பார்க்க வழியில்லை. ஊழியர்கள் என்னிடம் வந்து, “உங்களாலதான்க்கா நாங்க நிம்மதியா வேல செய்யறோம்” என்றார்கள். மனம் திறந்து பேசும் வட்டத்துக்கு நாற்காலி பற்றாமல் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்து போட்டோம்.

இனி குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயிலோ மழையோ குடையில்லாமல் படியிறங்க மாட்டாள், அதனால் குடை என்று கூப்பிட்டோம். களப்பணியாளர்களில் இளையவள். கூட்டம் சேருவதற்கு முன்பே என் நிகழ்ச்சிகளுக்கு விரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான். மதியம் என்னோடு சாப்பிடுவாள். அந்தச் சிரிப்புப் பயிற்சிக் கதையைக்கூட அப்படி ஒரு மதியத்தில் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் போன் மட்டும் இரண்டு வார்த்தையில் முடியாது. “வெளிய வந்துட்டேன்க்கா, ஆனா கேளுங்க” என்று ஆரம்பிப்பாள். எந்த வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார் என்று பேருந்து வரும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு வருடம் என் பிறந்தநாளை அவளாகவே கண்டுபிடித்து மேஜையில் ஒரு கேக் துண்டு வைத்திருந்தாள். எல்லார் பிறந்தநாளையும் மடலில் போடுகிற எனக்கு என்னுடையதை நானே போட்டுக்கொள்ளக் கூச்சம். அந்தக் கேக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன்.

பிறகு அவளுக்கு டிக்கெட் அம்மா வீடு ஒதுக்கப்பட்டது. அந்த அம்மாள் காலமெல்லாம் ஒரு திரையரங்கில் சீட்டு விற்றவர். வயது ஏறக்குறைய என் வயது. தசைகள் ஒவ்வொன்றாகப் பலமிழந்துபோகிற நோய். பூட்டிக் கிடந்த ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். காலையில் எங்கள் துறையின் வீட்டு உதவியாளர் போய்க் குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டு வருவார். குடை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அவள் மதிய வேளைகளிலும் போக ஆரம்பித்தாள். என் எதிரே இருந்த நாற்காலி காலியானது.

வெளியே வந்ததும் குடை பேசுவாள்தான். ஆனால் பேச்செல்லாம் டிக்கெட் அம்மாவைப் பற்றி. “டிக்கெட் சன்னல் ஓட்டை வழியா கையை மட்டும் பாத்தே ஆளைச் சொல்லிடுவாங்களாம்க்கா. என் கையைப் பாத்துட்டு, இது பால்கனிக் கை, ஆனா பையில தரை டிக்கெட் காசுதான் இருக்குன்னாங்க.” சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். இன்னொரு நாள் சொன்னாள், “மணியடிச்சா அவங்க கட்டில்லேருந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் ஒரு பாட்டு முழுசா பாடி முடிச்சுடுவேன்க்கா. சரணம் விடாம.” இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

என் அடுத்த பிறந்தநாள் வந்தது. குடை மறந்துவிட்டாள். அன்றைக்கு அவள் டிக்கெட் அம்மா வீட்டில் இருந்தாள். நான் செய்ததற்கு அது காரணம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கொஞ்ச காலத்தில் குடையின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. வெளியூருக்கு நீண்ட விடுப்பில் கிளம்பினாள். போகுமுன் என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, டிக்கெட் அம்மாவை மட்டும் பாத்துக்கங்க. மத்தவங்களுக்கு யாராவது இருக்காங்க. அவங்களுக்கு நான்தான்.”

“நீ நிம்மதியாப் போயிட்டு வா. நான் இருக்கேன்ல?”

“நான் அப்பப்ப அவங்களுக்குப் போன் பண்ணலாமா?”

“கூடாதும்மா. விடுப்புல இருக்கறப்ப பயனாளிங்ககிட்ட பேசக் கூடாது. உன் மனசுக்கும் ஓய்வு வேணும்ல? எனக்குப் பண்ணு, நான் சொல்றேன்.”

விடுப்பில் வேலையை மறந்திருங்கள் என்பது நான் மடலில் திரும்பத் திரும்ப எழுதுகிற அறிவுரைதான். நல்ல அறிவுரை. அவள் அதன்படி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் செய்தாள்.

அவள் சொன்னபடி நான் டிக்கெட் அம்மாவுக்குப் போன் செய்து அறிமுகப்படுத்திக்கொண்டேன். எடுத்ததுமே, “ஓ, நீதானா அந்த நலம் அக்கா?” என்றார். “ஓட்டுநரோட ஜோடி போட்டுச் சிரிச்சியாமே. குடை நடிச்சுக் காட்டுச்சு. வயிறு வலிக்கச் சிரிச்சோம். கோச்சுக்காதம்மா. உன் குரலைக் கேட்டா, டிக்கெட்டை வாங்கிட்டுப் படம் பாக்காமயே திரும்பிப் போறவங்க ஞாபகம் வருது. அப்படியும் சிலர் வருவாங்க.” அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குடை என்னை நடித்துக் காட்டியிருக்கிறாள். இருவரும் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், நான் அங்கே இல்லாமலே.

போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். ‘ஊழியரிடம் கடுமையாகப் பேசுகிறார்’ என்று எழுதிச் சிவப்புக் குறி வைத்தேன். பொய் இல்லை. பேசினாரா இல்லையா?

அதன் விளைவுகள் தானாக நடந்தன. சிவப்பு வீட்டுக்கு வீட்டு உதவியாளர் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். எங்கள் துறையில் ஒரு உதவியாளர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. உதவி நின்றது. குடைக்குப் பதிலாகப் போனவருக்கு அவசரம் என்று பேர், எதிலும் நிற்க நேரமில்லாத மனிதர். வாசலிலிருந்து கூப்பிடுவார்.

“அக்கா, மணி அடிச்சுட்டேன். உள்ள ஏதோ உருட்டற சத்தம் கேக்குது, ஆனா கதவு தெறக்கல.”

“செவப்பு வீடு. ரொம்ப நேரம் நிக்காதீங்க.”

“அப்ப சேவை வேணாம்னு போட்டுடவா?”

“உங்க இஷ்டம்.”

சரணம் விடாமல் ஒரு பாட்டுப் பாடுகிற நேரம் நில்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்படிச் சில தடவை போய்வந்ததும், சேவை வேண்டாம் என்கிறார் என்று போட்டு அந்த வீட்டை முடித்துவிட்டார்கள்.

சிவப்பு வீடுகளிலிருந்து அலுவலகத்துக்கு வரும் அழைப்புகள் எல்லாம் என் மேஜைக்குத் திரும்பிவிடும். ஊழியர்கள் ஏச்சுப் பேச்சுக் கேட்டு மனம் நோகக் கூடாது என்று நான் கொண்டுவந்த ஏற்பாடு அது. இயக்குநர் அதற்காகக் கூட்டத்தில் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். ஆகவே டிக்கெட் அம்மா அலுவலகத்தில் யாரைக் கூப்பிட்டாலும் நான்தான் எடுத்தேன்.

முதலில் கோபமாகக் கேட்டார், ஏன் ஆள் வரவில்லை என்று. ஆள் பற்றாக்குறை, வந்துவிடுவார்கள் என்றேன். அடுத்து கேலியாகக் கேட்டார். பிறகு கேலி போய்விட்டது. “நலம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தார். ரொட்டிக்காரர் தெருவோடு போகும்போது சன்னல் வழியாக வாங்கிச் சாப்பிடுகிறேன் என்றார். சன்னல் வரைக்கும் போய்வருவதுதான் நாளின் பெரிய பயணம் என்றார். குளிக்காமல் இருப்பது வெட்கமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார், மெல்லிய குரலில். அப்புறம் குடையைப் பற்றிக் கேட்பார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாளா, என்னைக் கேட்டாளா? நான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை குடை இவரைக் கேட்பாள். அதற்கும் நான் சொல்வேன். இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவை. என்னைத் தேட இரண்டு பேர் இருந்தார்கள். காலையில் அலுவலகம் போக எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

குறியை எடுக்க நினைக்கவில்லையா என்று கேட்டீர்கள். நினைத்தேன். மூன்று கையெழுத்து வேண்டுமே. அதற்கு நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊழியர் நட்பு நாள் அன்று நடந்தது உங்களிடம் பதிவாக இருக்கிறது. எங்கள் தொலைபேசிப் பேச்சுகள் எல்லாம் பதிவாகும். நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் நான் என் வாயால் சொல்வதுதான் முறை.

நட்பு நாளுக்கு நான் பல வாரம் உழைத்தேன். மாடிக் கூடத்தில் வண்ணத்தாள் தோரணம், விளையாட்டு, இசை, பெரிய கேக். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி. முதல் தடவையாக ஒருவர் விடாமல் எல்லாரும் வந்தார்கள். தொலைபேசிக்கு ஒருவர் இருக்க வேண்டுமே என்றார் இயக்குநர். “நலம் அக்கா இருக்காங்களே” என்றார் மேற்பார்வையாளர். எல்லாரும் படியேறிப் போனார்கள். நான் கீழே உட்கார்ந்தேன். யாராவது கொஞ்ச நேரத்தில் வந்து, போங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். வந்திருந்தால் கதை வேறாகியிருக்குமோ என்னவோ. ஒருவரும் வரவில்லை.

மேலே இசை தொடங்கிய பிறகு தொலைபேசி அடித்தது.

“நலம்மா. விழுந்துட்டேன்.”

“எங்க விழுந்தீங்க?”

“கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல. இடுப்பு அசையல. வயரைப் பிடிச்சு இழுத்துப் போனை எடுத்தேன். ஆள் அனுப்பறியா?”

“அனுப்பறேன்.”

“வெச்சுடாதம்மா. பயமா இருக்கு.”

“வைக்கல. பேசுங்க.”

பேசினார். புதுப்படம் வெளியாகும் நாளில் அந்தச் சின்ன ஓட்டைக்குள் நாலைந்து கை ஒன்றாக நுழைந்து மாட்டிக்கொள்ளுமாம். வாரா வாரம் இரண்டு டிக்கெட் வாங்கி ஒரே ஆளாக உள்ளே போகிறவர் ஒருவர் இருந்தாராம். முகத்தைப் பார்த்ததே இல்லையாம். நடுநடுவே மூச்சு வாங்கும். “ஆள் வருதா?” என்பார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்பேன். திடீரென்று கேட்டார், “உனக்கு யாரும்மா இருக்கா?” என்று.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சொன்னேன். அண்ணனைப் பற்றி, என் அறையைப் பற்றி, அம்மா போன பிறகு சமையலின் அளவு தெரியாமல் பல நாள் இரண்டு பேருக்குச் சமைத்துக் கொட்டியதைப் பற்றி, என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் விட்டதைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவர் ம் என்றார். பதிவில் கேட்டிருப்பீர்கள், ரொம்ப நேரம் என் குரல்தான் இருக்கும். மேலே கைதட்டினார்கள்.

“அது என்ன சத்தம்?” என்றார்.

“மாடில நிகழ்ச்சி. ஊழியர் நட்பு நாள்.”

“நீ போகலயா?”

“இல்ல. உங்ககூடப் பேசிட்டிருக்கேன்.”

“நல்லவ நீ” என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையின் ஊழியர்கள் அத்தனை பேரும், தூக்கத் தெரிந்தவர்கள், முதலுதவி தெரிந்தவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள், என் தலைக்கு நேர் மேலே இருந்தார்கள். நான் படியேறிப் போய்ச் சொல்லியிருந்தால் போதும். அது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். ம் சத்தம் மெலிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. நான் தொடர்ந்து பேசினேன். கேட்கிறவர் தூங்கிப்போனால்கூடப் பேச்சைச் சட்டென்று நிறுத்துவது மரியாதை இல்லை.

சாயங்காலம் எல்லாரும் இறங்கி வந்தார்கள். மேற்பார்வையாளர் என் மேஜையில் கேக் துண்டை வைத்துவிட்டு, “யார்க்கா, இவ்வளவு நேரமா?” என்றார். ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, “ஒரு பயனாளி. தனியா இருக்காங்க” என்றேன். “நீங்க இல்லன்னா இந்த ஆபீசே இல்லக்கா” என்று சொல்லிப் போனார். எல்லாரும் போன பிறகு ரிசீவரை அதனிடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடை கூப்பிட்டாள். அவள் அம்மாவுக்குத் தையல் பிரித்துவிட்டார்களாம், குரலில் தெம்பு வந்திருந்தது.

“டிக்கெட் அம்மா எப்படி இருக்காங்கக்கா?”

“அன்னிக்கு ரொம்ப நேரம் பேசினாங்க. பழைய கதையெல்லாம் சொன்னாங்க.”

“உங்ககிட்டயா? அவங்க லேசுல மனசு திறக்க மாட்டாங்களே.”

“என்கிட்ட திறந்தாங்க” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் அவள் கேட்டாள். சொல்வதற்கு நடந்தது எதுவும் இல்லாததால் அன்றைக்குக் கொஞ்சம் கற்பனையாகச் சொன்னேன். டிக்கெட் அம்மா உனக்கு ஒரு ஜோடி வளையல் எடுத்து வைத்திருக்கிறார் என்றேன். குடை அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

பிறகு பக்கத்துக் கட்டடத்துக்காரர் வாடை வருகிறதென்று காவல்துறைக்குச் சொல்லி, கதவை உடைத்தார்கள். குடை அன்றே கிளம்பி வந்தாள். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“போன ஞாயித்துக்கிழம அவங்க செத்துப்போயிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்” என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதாக இருக்கக் கூடாது என்று பட்டது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு இயக்குநர் அறைக்குப் போனாள். அதன்பிறகு விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள்.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்று இரண்டாம் தடவையாகக் கேட்கிறீர்கள். போனை வைக்காதே என்று அவர்தான் சொன்னார் என்று முதலில் பதில் சொன்னேன். மேஜையில் என் கைபேசியும் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதை ஒருமுறை எடுக்கவும் செய்தேன், பிறகு கவிழ்த்து வைத்துவிட்டேன். என்னைப் புரிந்துகொள்ளுங்கள். ஆள் வந்து தூக்கிவிட்டால், அவர் போனை வைத்துவிடுவார் அல்லவா?